அடங்காப்பற்றில இருந்து மச்சானுக்கு

அன்பு மச்சான்,

உன்ர கடிதமும் நீ எழுதிற வன்னிப் புத்தகத்தின்ர ரெண்டு அத்தியாயமும் போன கிழமையே வந்திட்டுது. பதில் போடப் பிந்தினதுக்குக் கோவிக்காத, இஞ்ச வயல் வெட்டு, மெசின்காரன் இண்டைக்கு வாறன் நாளைக்கு வாறன் எண்டு ஏய்ச்சுக் கடைசியில ராத்திரிப் பத்து மணிக்கு வந்து நிக்கிறான், அதுக்குள்ள யானை ரெண்டு தரம் வந்து திண்டது பாதி மிதிச்சது பாதி. முழங்கால் நோ அப்பிடியேதான் கிடக்கு.

பெடியள் உன்னைப் பிரதேச சபைக்கு நிக்கச் சொல்லிக் கேக்கிறாங்கள், வாத்திக்கு ஏன் உந்த வேலை எண்டு எழுதியிருந்தாய். எங்கட தொகுதிக்கு முதல் எம்பியே ஒரு வாத்திதானேடா! சுந்தரலிங்கத்தாரைச் சொல்லுறன். உரும்பிராயில 1895 இல பிறந்து, ஒக்ஸ்போர்ட்டில படிச்சு, சிவில் சேர்விஸ் உத்தியோகத்தை உதறிப்போட்டுக் கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில, அதுவும் பௌத்த பள்ளிக்கூடம், உப அதிபரா இருந்து, பிறகு யூனிவர்சிற்றிக் கொலிச்சில முதல் கணிதப் பேராசிரியர். 1947 இல வவுனியாவில சுயேச்சையா நிண்டு வெண்டார். முல்லைத்தீவு எண்டு அப்ப தனித் தொகுதி ஏது, நாங்களும் வவுனியாதானே, எங்கட அப்புவும் அந்த முறை வோட்டுப் போட்டவர்.

டி.எஸ். சேனநாயக்கவின்ர மந்திரிசபையில வர்த்தக மந்திரியா இருந்த மனுசன், மலையகச் சனத்தின்ர பிரஜாவுரிமையைப் பறிக்கேக்க 1948 கடைசியில பதவியை விட்டுட்டு வெளியில வந்திட்டார். வவுனியாவிலயோ முல்லைத்தீவிலயோ அந்தச் சனத்தின்ர வோட்டை நம்பி நிண்டவரில்லை, அதாலதான் எனக்கு அந்த விசயத்தில ஒரு மரியாதை. அடங்காத் தமிழன் எண்டுதான் ஆளுக்குப் பேர், எங்கட வன்னிக்குப் பழைய பேரும் அடங்காப்பற்று, பொருத்தம் பாத்தியே. 1960 இல வவுனியாச் சனமே தோக்கடிச்சு அனுப்பிச்சினம், அது வேற. ஈழத்துக்கு இங்கிலீசில தனக்கெண்டு ஒரு எழுத்துக்கூட்டல் வைச்சு 1967 இல புத்தகமும் போட்டார்.

அடுத்த வருசம் என்ன செய்தவர் தெரியுமே? மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள்ள தங்களையும் விடச் சொல்லி ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் வாசலில சத்தியாக்கிரகம் இருக்க, அவையை மறிச்ச கூட்டத்துக்கு முன்னால நிண்டவர் இவர்தான். வழக்கு அப்ப எங்களுக்குக் கடைசி மேல்முறையீட்டுக் கோடா இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் மட்டும் போனது. ஆருக்கோ பிரஜாவுரிமை இல்லையெண்டு மந்திரிப் பதவியை விட்ட மனுசன், பக்கத்து வளவுச் சனத்தைக் கோயில் படியில மறிக்கிறார். எத்தினை தரம் யோசிச்சும் எனக்கு இந்தக் கணக்குச் சரிவரேல்லை, அவர் கணிதப் பேராசிரியர், நான் எட்டாம் வகுப்புக்குப் படிப்பிச்சவன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுறன் எண்டால் உன்ர அத்தியாயத்துக்காகத்தான். கற்சிலைமடுக் கல்லைப் பற்றி நல்லா எழுதியிருக்கிறாய், ஆனா ஒரு திருத்தம், 1803 ஒக்ரோபர் 31 இல வெள்ளைக்காரக் கப்டன் ட்ரிபேர்க் வன்னி ராசா பண்டாரவன்னியனைத் தோக்கடிச்சவன் எண்டுதான் அந்தக் கல்லில வெட்டியிருந்தது, கொண்டவன் எண்டில்லை, நீ கொண்டே போட்டாய். அதுக்குப் பிறகு லூயிஸ் துரை 1895 இல வன்னியைப் பற்றி எழுதினதைக் கொஞ்சம், அப்பிடியே ஒரு பாய்ச்சல் பாய்ஞ்சு குடியேற்றத் திட்டத்தில வந்து நிக்கிறாய். நடுவில எங்கட ஊர் எங்க போட்டுது? தேத்தண்ணிக் கடையில எங்களுக்குக் கிளாஸ், ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்துக்குச் சிரட்டை, அதை நீயும் நானும் ஒரே வாங்கில இருந்து பாத்தனாங்கள். எங்களோட படிச்சவன் ஒருத்தன் பள்ளிக்கூடக் கிணத்தில வாளியைத் தொட்டதுக்கு அடி வாங்கினான். அடிச்ச வாத்தியைப் பற்றி ஒரு பக்கம் புகழ்ந்து எழுதியிருக்கிறாய், கிணறு ஒரு வரியிலயும் இல்லை.

எழுதினால் வோட்டுப் போகும் எண்டு பயப்பிடுறியோ? போனால் போகட்டும் எண்டு நான் லேசாச் சொல்லிப்போடுவன், நிக்கப்போறது நீ. ஆனா ரெண்டையும் ஒண்டாச் செய்யிறதெண்டால் புத்தகத்தை முதல் முடி, எலெக்சனுக்குப் பிறகு பாப்பம் எண்டு வைச்சியோ உனக்கு அந்த அத்தியாயம் கையில வராது.

வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவாய்தானே. கொப்பியையும் கொண்டு வா. கிணத்தில அடி வாங்கினவன் இப்பவும் முத்தையன்கட்டுப் பக்கம்தான் இருக்கிறான், சைக்கிளில போகலாம். நான் சொல்லி வைச்சிட்டன், வரட்டும் எண்டவன். வேற ஒண்டும் சொல்லேல்லை.

உன்ர,
பழைய வாங்கு

மறந்திட்டன், தேன் ரெண்டு போத்தில் எடுத்து வைச்சிருக்கிறன், பஸ்ஸில அனுப்பினா ஊத்துப்படும், வரேக்க கொண்டு போ.