புலியைத் தொட்டால் போய்விடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏ.ஆர். என்பது கேமராவில் தெரியும் காட்சியின் மேல் கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டும் நுட்பம். சென்ற இதழில் வந்த ஏ.ஆர். கதைப் புத்தகங்கள் பற்றிய கட்டுரை அவற்றை ஏகத்துக்கும் பாராட்டியிருந்தது. பக்கத்துக்கு நேரே செல்போனைப் பிடித்தால் புலி எழுந்து நிற்கும் என்பது உண்மைதான். எங்கள் வகுப்பிலும் நின்றது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினான். கை படத்தை மறைத்ததும் கேமராவுக்குப் பக்கம் பிடிபடவில்லை. புலி காணாமல் போய்விட்டது. "தொடாதடா, போயிரும்!" என்று மற்றவர்கள் கத்தினார்கள். அதன்பிறகு ஒருவரும் புத்தகத்தில் கை வைக்கவில்லை. போன் என் கையில் இருந்ததால் கதையையும் நான்தான் ஓட்டினேன்.

2001-ல் மார்க் பில்லிங்ஹர்ஸ்டும் ஹிரோகாசு கட்டோவும் இவான் புபிரெவும் ஆய்வுக் கட்டுரையில் விவரித்த 'மேஜிக் புக்' என்ற ஏ.ஆர். புத்தகம், படத்தைக் காட்டும் கருவி இல்லாதபோதும் சாதாரணப் புத்தகமாகப் படிக்கக்கூடியது. நான் பார்த்த சில புத்தகங்களில் செயலியை எடுத்துவிட்டால் நாலு வரி தேறாது.

எனக்கு மேஜிக் புக்கைவிடப் பிடித்தது, 1990-களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து மீடியா லேப் ஆய்வகத்தில் கிமிகோ ரியோகாயும் ஜஸ்டின் காசெலும் உருவாக்கிய 'ஸ்டோரி மேட்'. தரையில் ஒரு விரிப்பு, கையில் ஒரு துணிப் பொம்மை, அவ்வளவுதான் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது. பொம்மையை நகர்த்திக்கொண்டே பிள்ளை தானாக ஒரு கதை சொல்லும். குரலும் பொம்மை போன தடமும் பதிவாகும். பிறகு இன்னொரு பிள்ளை வந்து விளையாடும்போது முதல் பிள்ளையின் குரல் ஒலிக்கும், பொம்மையின் நிழல் விரிப்பின் மேல் நகரும். அதைக் கேட்டுவிட்டு இந்த இரண்டாவது பிள்ளை தன் கதையைச் சொல்லலாம்.

நம் பாடநூல்களிலோ 2018 முதல் கியூ.ஆர். குறியீடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் வீடியோ ஓடும். பிள்ளைகள் கைகட்டிப் பார்ப்பார்கள். அதே வகுப்பில் தமிழக அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' பாடத்துக்கு முகமூடியை எடுத்துக் கொடுத்தால், வாயே திறக்காத பிள்ளையும் பேசிவிடுகிறது. (நரி முகமூடிக்குத்தான் எப்போதும் அடிதடி.) தொழில்நுட்பக்காரர்கள் கைவைக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். முகமூடிக்குப் பின்னால் பிள்ளை சொன்ன கதையைப் பதிந்து, மறுநாள் அடுத்த பிள்ளைக்குக் கேட்கச் செய்ய முப்பரிமாணப் புலி தேவையே இல்லை.

அடுத்த முறை இப்படிப்பட்ட புத்தகங்களை அறிமுகப்படுத்தும்போது, பிள்ளை தன் குரலில் கதை சொல்ல அதில் வழி இருக்கிறதா என்று விற்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அப்படியே விலையையும் போட்டுவிடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

– தொடக்கப் பள்ளி ஆசிரியை, விருத்தாசலம்