48-க்கும் 52-க்கும் நடுவே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்கு ஆளெடுப்பதில் ஆப்டிடியூட் என்கிற திறனறித் தேர்வும் ஆளுமைத் தேர்வும் பெருகிவருவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இனி சிபாரிசுக்கு இடமில்லை என்று கட்டுரையாளர் மகிழ்ந்திருக்கிறார். சிபாரிசு ஒழிந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் தேர்வு முடிந்து கைக்கு வரும் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. கோளாறெல்லாம் அங்கேதான் நடக்கிறது. கோவை வட்டாரத் தொழிற்சாலைகளில் ஆளெடுக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ரிப்போர்ட்டில் 'பர்சென்டைல் 48' என்று இருக்கும். அதை நூற்றுக்கு 48 மார்க் என்று படிக்கிற மேலாளர்கள் இன்றும் உண்டு. ஒப்பிட எடுத்துக்கொண்ட கூட்டத்தில் 48 சதவீதம் பேர் இவருக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதுதான் அதற்குப் பொருள். எந்தக் கூட்டம்? பெருநகரத்துப் பொறியியல் பட்டதாரிகளா, ஐடிஐ முடித்தவர்களா? விடைத்தாள் அதேதான்; கூட்டத்தை மாற்றினால் 48 என்பது 70 ஆகிவிடலாம். இந்த விவரம் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது.

அடுத்தது கட் ஆஃப். 50-க்கு மேலே பச்சை, கீழே சிவப்பு என்று வண்ணம் அடித்தே அனுப்பிவிடுகிறார்கள். 52 வாங்கியவர் உள்ளே, 48 வாங்கியவர் வெளியே. சராசரி 100, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு) 15 என்ற வழக்கமான அளவில் போட்டுப் பார்த்தால் இந்த இருவருக்கும் இடையில் இருப்பது ஒன்றரைப் புள்ளி. நம்பகத்தன்மை (மறுபடி வைத்தாலும் மதிப்பெண் மாறாமல் வரும் அளவு; முழுமைக்கு 1) 0.9 உள்ள தேர்விலேயே, அது நல்ல தேர்வுதான், அளவீட்டுப் பிழை ஏறக்குறைய 5 புள்ளி வரும். இருவரையும் இன்னொரு நாள் உட்காரவைத்தால் இடம் மாறுவதற்குக் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு. வேடிக்கை என்னவென்றால், பர்சென்டைல் 94-க்கும் 98-க்கும் உள்ள இடைவெளியும் நாலுதான். ஆனால் அங்கே அது ஏழரைப் புள்ளி. நடுவில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள், ஓரத்தில் கூட்டமே இல்லை. கட் ஆஃப் கோடோ பெரும்பாலும் நடுவில்தான் விழுகிறது.

தேர்வு விற்க வருகிறவர்கள் 0.51 என்று ஓர் எண்ணைக் காட்டுவார்கள். அறிவுத்திறன் தேர்வுக்கும் பிற்பாடு வேலையில் காட்டும் திறமைக்கும் உள்ள தொடர்பு என்று 1998-ல் ஷ்மிட், ஹண்டர் என்ற உளவியலாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன எண் அது; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. பழைய கணக்குகளில் ஒரு திருத்தத்தை அளவுக்கு மீறிச் செய்துவிட்டார்கள் என்று காட்டி, 2022-ல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதை 0.31 ஆகக் குறைத்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்டு மதிப்பிடும் நேர்காணலுக்கு அவர்கள் கணக்கில் 0.42. 0.31-ஐ வர்க்கப்படுத்தினால், ஆளுக்கு ஆள் வேலையில் தெரியும் வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கைத்தான் தேர்வு சொல்கிறது. ஆயிரம் பேரில் நூறு பேரைப் பொறுக்க இது உதவும், மறுக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு பையனைப் பற்றித் தீர்ப்பு எழுத இது போதாது.

ஆளுமைத் தேர்வு இன்னும் மோசம். 'எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டேன்' என்ற வாக்கியத்துக்கு நேரே, வேலை தேடி வந்தவர் யார் 'இல்லை' என்று டிக் அடிப்பார்? ஆட்களை நாலெழுத்து வகைகளாகப் பிரிக்கும் எம்பிடிஐ என்ற ஆளுமைத் தேர்வை ஆளெடுக்கப் பயன்படுத்தக்கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. நம் ஆட்கள் அந்த நாலெழுத்தை ஃபைலில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஸ்டோர் கீப்பர் வேலைக்கு வந்த ஒருவரின் ரிப்போர்ட்டில் 'கலந்து பழகும் இயல்பு: குறைவு' என்று சிவப்புக் கட்டம். பேரிங்கை எண்ணி அடுக்கி, இண்டென்ட் (பொருள் கேட்டு வரும் சீட்டு) பார்த்துக் கொடுத்து, லெட்ஜரில் கழிக்கிறவருக்குக் கலகலப்பு எதற்கு? அந்த மனிதரிடம் பின்கார்டை (ஒரு பொருளின் வரவு, செலவு, இருப்பை எழுதும் அட்டை) கொடுத்து இருப்புக் கணக்கு எழுதச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அமெரிக்காவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனம், நல்ல சம்பளமுள்ள பிரிவுகளுக்கு உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழும் பொது அறிவுத்திறன் தேர்வும் வேண்டும் என்று வைத்தது. கறுப்பினத் தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இந்தத் தகுதிகள் இல்லாமலே அதே பிரிவுகளில் பழைய ஆட்கள் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. தேர்வுக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருப்பதை முதலாளிதான் காட்டவேண்டும் என்று 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு ஆங்கிலக் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துபோகிறது. அந்த மதிப்பெண் எதை அளந்தது என்று கேட்க ஆளில்லை.

கட்டுரையாளர் இதைப்பற்றித் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால் நிறுவனங்களிடம் ஒன்றைக் கேட்டு எழுதட்டும்: சில வருடங்களுக்கு முன் எடுத்த ஆட்களின் தேர்வு மதிப்பெண்ணையும், இன்று அவர்கள் வேலை செய்யும் லட்சணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நான் வேலையில் இருந்தவரை அப்படியொரு தாளை எந்த முதலாளியும் என்னிடம் கேட்டதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனிதவள அலுவலர்,
கோயம்புத்தூர்