பள்ளி முடிந்த பிறகும் ஒரு வாழ்க்கை இருக்கிறது: கோவையில் ஒரு பணிக்கூடமும் ஒரு வீடும் கட்ட வேண்டுகோள்

கோவை மக்களுக்கும், வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் நம் உறவுகளுக்கும் வணக்கம்.

ஆட்டிசம் (பேசுவது, பழகுவது, ஒலி ஒளியை உணர்வது ஆகியவற்றில் வேறுபடும் மூளை வளர்ச்சி நிலை) உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் சேர்ந்து நடத்தும் குழு எங்களுடையது. கவுண்டம்பாளையத்தில் ஒரு வாடகை வீட்டில், 18 வயது கடந்த எங்கள் பிள்ளைகளுக்காகப் பகல்நேர மையம் ஒன்றை நடத்தி வருகிறோம். இப்போது துடியலூர்ப் பக்கம் சொந்தக் கட்டடம் எழுப்ப முடிவு செய்திருக்கிறோம். கீழ்த்தளத்தில் வேலை செய்யும் கூடம், மேல்தளத்தில் ஆறு பேர் நிரந்தரமாகத் தங்கி வாழும் வீடு. இதற்கு உங்கள் உதவியைக் கேட்டு வந்திருக்கிறோம். ஏன் தேவை, எவ்வளவு தேவை, கணக்கை யார் பார்ப்பார்கள் என்பதையெல்லாம் கீழே விவரமாகச் சொல்கிறோம். பொறுமையாகப் படியுங்கள்.

ஆட்டிசம் என்றால் என்னவென்று இன்றைக்குப் பலருக்கும் தெரிந்திருக்கிறது. ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 வந்தால் நீல விளக்கு போடுகிறார்கள். சுவரொட்டியில் ஐந்து வயதுக் குழந்தை சிரிக்கிறது. பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி) என்று சின்னப் பிள்ளைகளுக்கான வசதிகளும் நம் ஊரில் முன்பைவிடக் கூடியிருக்கின்றன. அந்தக் குழந்தைக்கு மீசை முளைத்த பிறகு என்ன வழி என்று கேட்டால் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 18 வயதுவரை இலவசக் கல்விக்கு உறுதி தருகிறது. அதற்குப் பிறகு வீடுதான். பள்ளி முடிந்துவிட்டது என்பதைச் சொல்லிப் புரியவைப்பதே பெரும்பாடு. காலையில் குளித்து, சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு, வராத வேனுக்காக வாசலில் நிற்கும் பிள்ளையை எங்களில் பலர் வாரக்கணக்கில் பார்த்திருக்கிறோம். அந்தப் பழக்கம் ஒருநாள் நிற்கும். நின்ற பிறகுதான் உண்மையான சரிவு தொடங்கும். குளிக்க மறுப்பது, ராத்திரி முழுக்க நடப்பது, தன் கையையே கடித்துக்கொள்வது, பத்து வருடம் பாடுபட்டுக் கற்றுக்கொண்டவை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போவது. நாளுக்கு ஓர் ஒழுங்கு இல்லாமல் போனதுதான் இதற்கெல்லாம் காரணம் என்பது எங்கள் உறுதியான எண்ணம். இளம்பருவத்தில் சிலருக்கு வலிப்பும் சேர்ந்துகொள்கிறது. வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வீட்டுக்குள் அடைந்துபோன அம்மாக்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுத வேண்டும்.

இன்றைக்கு முப்பதை எட்டும் பிள்ளைகள் இன்னொரு வகையிலும் பாவம். அவர்கள் பிறந்த காலத்தில் நடைமுறையில் இருந்த 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைச் சொன்னது. அதில் ஆட்டிசம் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் ஆட்டிசம் இடம்பெற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட ஆட்டிசத்துக்கென்று தனிக் கட்டம் கிடையாது. தலையையே எண்ணாதபோது அவர்களுக்கு வேலையும் வீடும் யார் திட்டமிடுவார்கள்?

அரசு எதுவுமே செய்யவில்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். தகுதியுள்ளவர்களுக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் வருகிறது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய்வரை வாங்கலாம். அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதற்குரிய தேர்வை எழுத முடிகிற பிள்ளைகள் எழுதட்டும், வாழ்த்துகிறோம். பேச்சே வராத, கூட்டத்தைப் பார்த்தால் காதைப் பொத்திக்கொள்கிற பிள்ளைகளுக்கும் செய்ய வேலை வேண்டும், இருக்க இடம் வேண்டும். எங்கள் திட்டத்தில் முதல் இடம் இவர்களுக்குத்தான்.

உலகில் முதன்முதலாக ஆட்டிசம் என்று அடையாளம் காணப்பட்டவரின் கதையை இங்கே சொல்ல விரும்புகிறோம். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் 1933இல் பிறந்தவர் டொனால்ட் டிரிப்லெட். மருத்துவர் லியோ கேனர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இவர்தான் முதல் குழந்தை. சிறுவயதில் ஊரை விட்டு ஒரு காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, பிறகு பெற்றோரால் வீட்டுக்கு அழைத்து வரப்பட்டவர். பின்னர் ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் சில காலம் வளர்ந்தார். எதையும் அளப்பதும் எண்ணுவதுமாகவே இருந்த சிறுவனை அந்தத் தம்பதி அதட்டி அடக்கவில்லை. கிணறு தோண்டி அதன் ஆழத்தை அளந்து சொல்லும் வேலையைக் கொடுத்தார்கள். சோளக்கொல்லையில் வரிசைகளை எண்ணிக்கொண்டே இருந்தவனிடம், எண்ணியபடியே உழச் சொன்னார்கள், உழுதான். வளர்ந்து, 1958இல் சொந்த ஊர் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக ஊர் ஊராகச் சுற்றினார். பெற்றோர் காலமான பிறகும் அதே வீட்டில், அவரை அறிந்த அதே ஊர்க்காரர்கள் நடுவில் வாழ்ந்து, 2023இல் 89 வயதில் மறைந்தார். அந்தப் பதினொரு பேரும் என்ன ஆனார்கள் என்று 1971இல் கேனர் திரும்பிப் பார்த்தார். அரசு மனநல விடுதிகளுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அது ஆயுள் தண்டனை போல் ஆகிவிட்டது என்று வருந்தி எழுதினார். டொனால்டின் குடும்பம் வசதியானது, வங்கியே உறவினர் தொடர்பில் இருந்தது, உண்மைதான். அந்த வசதி நம்மில் ஒரு வீட்டுக்கும் இல்லை. பல வீடுகள் சேர்ந்தால் அதில் ஒரு பங்கையாவது உண்டாக்க முடியும் என்று நம்பித்தான் இந்தக் குழுவைத் தொடங்கினோம்.

எங்கள் மையத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வாருங்கள். கோவை பம்பு செட்டுக்குப் பேர்போன ஊர் என்பதால் எங்களுக்குக் கிடைத்த முதல் வேலையும் அதுதான். மோட்டார் பம்புகளுக்கான வாஷர், ஓ ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), கேஸ்கெட், போல்ட் ஆகியவற்றை எண்ணிக்கை தவறாமல் சிறு கவர்களில் போட்டு ஒட்டும் ஜாப் ஒர்க். ஒரு பட்டறைக்காரர் கொஞ்சம் தயக்கத்தோடுதான் முதல் மூட்டையைக் கொடுத்தார். எங்கள் இளைஞர் ஒருவர் பேச மாட்டார். ஓ ரிங்கைக் கையில் எடுத்ததும் விரலால் ஒருமுறை வருடுவார். அளவு மாறியிருந்தால் தனியே வைத்துவிடுவார். அவர் ஒதுக்கியவற்றை வெர்னியர் காலிப்பர் என்ற அளவுக் கருவியில் வைத்துப் பார்த்த பட்டறைக்காரர், இப்போது தரம் பார்க்க வேண்டிய சரக்கையும் சேர்த்தே அனுப்புகிறார். கூலி கவருக்கு இவ்வளவு என்று கணக்காகி அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. தொகை சிறியது. ஆனாலும் அது அவர் சம்பாதித்த பணம்.

வேலையைப் பிள்ளைக்கு ஏற்றபடி அமைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சுவரில் ஒவ்வொருவருக்கும் ஒரு படப்பலகை. காலையில் வந்ததும் செருப்பு வைக்கும் படம், பிறகு வேலை மேசை, டீ, மறுபடி வேலை, சாப்பாடு, நடை, வீடு. ஒவ்வொன்று முடிந்ததும் வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும் படத்தை அவர்களே எடுத்துப் பெட்டியில் போடுவார்கள். அடுத்து என்ன என்று தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் இல்லை. குக்கர் விசில் ஒருவருக்கு ஆகவே ஆகாது. அதனால் எங்கள் சமையலறையில் குக்கர் கிடையாது, இட்லிப் பானையும் அகலப் பாத்திரங்களும்தான். மனசு கலங்கினால் ஒதுங்கி உட்கார விளக்கு மங்கலான ஒரு சின்ன அறை இருக்கிறது. வாடகை வீட்டில் அந்த அறைக்காக ஒரு ஸ்டோர் ரூமைக் காலி செய்தோம். புதியவர்களைச் சேர்க்க இனி இடமில்லை. காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

அடுத்தது வீடு. எங்கள் கூட்டம் எதுவானாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: "எங்களுக்கப்புறம் இவன ஆரு பாத்துக்குவாங்க?" கேட்பவர்களில் எழுபதைத் தாண்டியவர்களும் உண்டு. கூடப் பிறந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அந்த அண்ணனோ தங்கையோ பெங்களூரில் இரண்டு படுக்கையறை வீட்டில் தன் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அவர்கள் மீது முழுச் சுமையையும் போடுவது நியாயம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஊருக்கு வெளியே நூறு பேரைச் சேர்த்து வைக்கும் பெரிய விடுதியும் எங்களுக்கு ஒப்புதல் இல்லை. கடைத்தெருவும் கோயிலும் பஸ் நிறுத்தமும் நடக்கும் தூரத்தில் இருக்கிற, நாலு வீட்டுக்காரர்களுக்குப் பெயர் சொல்லி அடையாளம் தெரிகிற வீடுதான் வேண்டும். ஆறு பேர் என்று வரம்பு வைத்ததும் அதற்காகத்தான். பெண்களுக்கு இரண்டு அறைகள் தனி வாசலோடு, பெண் பணியாளர் இரவிலும் உடனிருக்கும் ஏற்பாட்டோடு அமையும்.

பெற்றோர் இருக்கும்போதே பிள்ளை அங்கே தங்கிப் பழக வேண்டும் என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். முதலில் ஓர் இரவு, பிறகு வாரக் கடைசி, பிறகு ஒரு மாதம். அம்மா இறந்த மூன்றாம் நாள், அதுவரை பார்த்தே இராத ஓர் இடத்தில் கொண்டுபோய் விடப்பட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் எல்லாமே போய்விடும். 18 வயது முடிந்ததும் வங்கிக் கணக்கு முதல் சொத்துவரை பிள்ளையின் சார்பில் கையெழுத்துப் போடப் பெற்றோருக்கே பாதுகாவலர் சான்றிதழ் தேவைப்படுகிறது. அதை மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர் அளவிலான குழுவில் வாங்க வேண்டும். இதற்கான விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலையை இப்போதே செய்துவருகிறோம். எங்கள் மையத்தில் சேராத குடும்பங்களும் வரலாம், கட்டணம் எதுவும் இல்லை.

இனிப் பணக்கணக்கு. 11 சென்ட் நிலத்தை எங்கள் உறுப்பினர் குடும்பம் ஒன்று எங்கள் குழுவின் அறக்கட்டளை பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட்டது. 3,600 சதுர அடிக் கட்டடத்துக்குப் பொறியாளர் தந்த மதிப்பீடு 79 லட்சம் ரூபாய். மேசை, கட்டில், சமையலறை, சோலார், ஒலி குறைக்கும் கூரைப்பலகை ஆகியவற்றுக்கு 9 லட்சம். ஆக 88 லட்சம். உறுப்பினர் குடும்பங்கள் நகையை வைத்தும் வைப்புநிதியை முறித்தும் போட்டது 34 லட்சம். மீதி 54 லட்சத்தைத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

கட்டி முடித்தால் போதாது, நடத்தவும் வேண்டும். நன்கொடை கேட்பவர்கள் பலரும் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது எங்கள் வருத்தம். சிறப்பாசிரியர்கள், இரவு பகல் பணியாளர்கள், சமையல், மின்சாரம் எல்லாம் சேர்த்து மாதம் ஒன்றரை லட்சம் ஆகும். தங்குபவர்கள் ஆறு பேருக்குத் தலா 12,000, பகலில் மட்டும் வரும் 18 பேருக்குத் தலா 2,500 என்று குடும்பங்கள் கட்டுவது 1,17,000. மாதம் 33,000 துண்டு விழும். மாதம் 500 ரூபாய் விடாமல் தரும் 66 பேர் கிடைத்தால் அந்தத் துண்டு அடைபட்டுவிடும். ஒரே தடவையாகப் பெரிய தொகை தர முடியாதவர்கள் இதைத் தேர்ந்தெடுங்கள். உண்மையில் எங்களுக்கு நிம்மதி தருவது இதுதான். பணியாளர்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்காவிட்டால் அவர்கள் ஆறு மாதத்தில் போய்விடுவார்கள். ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் படும் பாடு சொல்லி மாளாது.

கணக்கை வெளித் தணிக்கையாளர் ஒருவர் ஆண்டுதோறும் பார்ப்பார். கட்டடச் செலவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரசீதுகளோடு நன்கொடையாளர்களுக்கு அனுப்புவோம். அறக்கட்டளைக் குழுவில் பெற்றோர் அல்லாத இருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறோம். பெற்றோர் எல்லோரும் ஒருநாள் போய்விடுவோம், நிர்வாகம் அதோடு நின்றுவிடக் கூடாது. பணம் கொடுத்த குடும்பத்தின் பிள்ளைக்கு முதலில் அறை என்ற பேச்சும் கிடையாது. பெற்றோரின் வயது, உடல்நிலை, வேறு ஆதரவு உண்டா என்பதை வைத்தே இடம் முடிவாகும்.

பணமில்லாமலும் உதவலாம். உங்களிடம் சிறு பட்டறையோ, பேக்கிங் யூனிட்டோ, பேக்கரியோ, அச்சகமோ இருந்தால் ஒரு ஜாப் ஒர்க் கொடுத்துப் பாருங்கள். சரக்கு சரியில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள், இரக்கத்துக்காக வாங்கிக்கொள்ள வேண்டாம். பல் மருத்துவர்கள், முடி திருத்துபவர்கள் மாதம் ஒருநாள் கூட்டமில்லாத நேரத்தை எங்களுக்கு ஒதுக்கினால் பெரிய உபகாரம். இன்னொன்றையும் அன்போடு சொல்ல வேண்டும். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் சாப்பாடு போட வரலாமா என்று நல்ல மனதோடு பலர் கேட்கிறார்கள். திடீரென்று இருபது பேர் வந்து, கேக் வெட்டி, கைதட்டி, போட்டோ எடுத்தால் எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு அன்றைய நாளே குலைந்துபோகும். அந்தச் செலவை ஒருநாள் மளிகைக்காகக் கொடுங்கள். அன்றைக்கு அதில்தான் சமைப்போம்.

சனிக்கிழமைகளில் காலை 10 முதல் 12 மணிவரை மையத்தைப் பார்க்க வரலாம். முந்தின நாளே சொல்லிவிடுங்கள், படப்பலகையில் விருந்தினர் படத்தை ஒட்டி வைக்க வேண்டும். நன்கொடையை வங்கி வழியாகவோ காசோலையாகவோ அறக்கட்டளையின் பெயரில் மட்டும் தாருங்கள். தனிநபர் கணக்குக்கு யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை. வரிவிலக்குச் சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அது கைக்கு வரும்வரை வெறும் ரசீது மட்டுமே தர முடியும், வரிவிலக்கை எதிர்பார்த்துக் கொடுப்பவர்கள் சற்றுப் பொறுத்திருங்கள். கடைக்கால் வேலையை வரும் தை மாதம் தொடங்க எண்ணியிருக்கிறோம். அதற்குள் 15 லட்சம் சேர்ந்தால் கீழ்த்தளத்தை நிறுத்தாமல் கட்டி, வாடகை வீட்டைக் காலி செய்துவிடலாம்.

அன்புடன்,
பெற்றோர் குழுவினர்,
கோயம்புத்தூர்