ஸ்நார்க்கல் இணைப்பு வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தது: இழப்பீடு கேட்டுப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 2024 ஆகஸ்ட் 6 அன்று உங்கள் கோயம்புத்தூர் ஃபிட்டிங் சென்டரில் மாட்டிய ஸ்நார்க்கலும் அடித்தகடும்

வணக்கம்.

இதே விஷயமாக நான் ஏற்கெனவே இரண்டு மின்னஞ்சல் அனுப்பி, நாலு தடவை போனிலும் பேசிவிட்டேன். கடைசியாக உங்களிடமிருந்து வந்த பதில் மூன்றே வரி. "இன்ஜினுக்குள் தண்ணீர் புகுவதால் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது" என்று அதில் இருக்கிறது. நான் உங்களிடம் வாங்கியது சீட் கவரோ மியூசிக் சிஸ்டமோ இல்லை. ஸ்நார்க்கல், அதாவது இன்ஜினுக்கு வேண்டிய காற்றை உயரத்திலிருந்து எடுக்கிற குழாய்; இன்ஜினுக்குள் தண்ணீர் போகாமல் இருப்பதற்கென்றே செய்த ஒரு பொருள். அது தண்ணீரை உள்ளே விட்டால் அந்தச் சேதத்துக்குப் பொறுப்பு இல்லை என்றால், வேறு எதற்குத்தான் உத்தரவாதம் கொடுத்தீர்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதால்தான் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

நான் இருப்பது சத்தியமங்கலத்தில். மனைவியின் ஊர் தெங்குமரஹாடா. அந்த ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பவானிசாகரிலிருந்து காட்டு வழியில் போகிற பஸ் மாயாற்றின் இக்கரையோடு நின்றுவிடும். பாலம் கிடையாது. ஊருக்குள் போக பரிசல்தான், தண்ணீர் குறைவாக இருந்தால் நடந்தோ ஜீப்பிலோ டிராக்டரிலோ கடக்கலாம். மேலே பைக்காரா பக்கம் மின் நிலையங்களிலிருந்து தண்ணீர் விட்டால் இங்கே ஒரு சொட்டு மழை இல்லாமலும் ஆறு ஏறும். வாழை, மிளகாய் மூட்டை, கேஸ் சிலிண்டர், பிரசவத்துக்குப் போகிற பெண், எல்லாமே அந்த ஆற்றைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். நான் மஹிந்திரா தார் டீசல் ஜீப் வாங்கியதே இதற்காகத்தான், மலை ஏறி போட்டோ எடுக்க இல்லை.

அந்த வண்டி 650 மில்லிமீட்டர் வரை தண்ணீரில் இறங்கலாம் என்று அதைச் செய்த கம்பெனியே சொல்லியிருக்கிறது. ஆனால் ஆற்றில் ஆழம் ஒரே சீராக இருக்காது. முட்டியளவு என்று நினைத்து இறங்குகிற இடத்தில் மணல் அரித்துப் பள்ளம் விழுந்திருக்கும். மூக்கு ஒரு நொடி சாய்ந்தால் போதும், பானெட்டுக்கு மேல் தண்ணீர் வந்துவிடும். அந்த ஒரு நொடிக்காகத்தான் ஸ்நார்க்கல் வேண்டும் என்று உங்களிடம் வந்தேன். ஸ்நார்க்கலும் இன்ஜினுக்கு அடியில் வரும் சேறு தடுப்புத் தகடும் கூலியோடு சேர்த்து 21,800 ரூபாய். ஒரே பில்லில் இரண்டும் இருக்கிறது, நகல் இணைத்திருக்கிறேன். அன்று உங்கள் ஊழியர் என்னிடம் சொன்ன வார்த்தை: "இனிமேல் தைரியமா இறங்குங்க சார், ஒரு சொட்டு உள்ளே போகாது." அந்தத் தைரியத்தில்தான் நான் இறங்கினேன்.

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை காலை. அத்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், சத்தியமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வர வேண்டும். பின்சீட்டில் அத்தை, என் மனைவி, பக்கத்து வீட்டு அக்கா. இறங்கும் முன் பரிசல்காரரிடம் கேட்டேன், அவரே கழியை ஊன்றிக் காட்டினார். தொடைக்குக் கொஞ்சம் கீழே, இரண்டடிக்குள்தான். லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான கியர் வரிசை) போட்டு இரண்டாவது கியரில், நடக்கிற வேகத்தில், கிளட்சைத் தொடாமல் போனேன். பாதி ஆறு தாண்டியதும் முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. பானெட் மேல் தண்ணீர் ஏறி, அடுத்த நொடியே வடிந்தது. ஸ்நார்க்கலின் தலை அப்போது தண்ணீருக்கு மேலே நன்றாக வெளியில் இருந்தது. அக்கரையிலிருந்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

வண்டி இன்னும் ஒரு பத்தடி போயிருக்கும். டொக் என்று ஒரு சத்தம், சுத்தியலால் இரும்பை அடித்த மாதிரி, இன்ஜின் அப்படியே நின்றுவிட்டது.

நின்ற பிறகு நான் ஸ்டார்ட் செய்து பார்க்கவே இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் போன் ஊழியர் "நீங்கள் திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்திருப்பீர்கள்" என்றார். இல்லை. சாவியை அணைத்துவிட்டு இறங்கிக் கதவைத் திறந்தேன். பரிசல்காரர் வந்து அத்தையை இரண்டு கையாலும் தூக்கிப் பரிசலில் உட்கார வைத்தார். காய்ச்சலோடு நனைந்து நடுங்கிக்கொண்டே போனார்கள். மேலே தண்ணீர் திறந்து விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வண்டியை டிராக்டரில் கயிறு கட்டி இழுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

சத்தியமங்கலத்தில் எனக்குத் தெரிந்த பட்டறையில்தான் பிரித்தோம். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்ததும் உள்ளே கால் டப்பா அளவுக்கு ஆற்றுத் தண்ணீர், அடியில் மணல், ஒரு மூங்கில் இலை. ஃபில்டர் காகிதம் ஊறிப்போய் நடுவில் கிழிந்திருந்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றினால் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் இரண்டாவது சிலிண்டரில் பிஸ்டன் மற்றவற்றைவிட ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது. பிஸ்டனைத் தாங்கி நிற்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது.

ஏன் வளைந்தது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது காற்றைப் பதினைந்து, பதினாறு மடங்கு அமுக்குகிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்தச் சின்ன இடத்தில் தண்ணீர் நின்றால் மேலே வருகிற பிஸ்டனுக்குப் போக வழி இல்லை, ராடுதான் வளைந்து கொடுக்க வேண்டும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் நீங்கள் ஸ்நார்க்கல் விற்கிறீர்கள்.

இப்போது தண்ணீர் எப்படிப் போனது என்பதற்கு வருகிறேன். உங்கள் குழாய் மட்கார்டைத் துளைத்து உள்ளே வந்து ஏர் ஃபில்டர் டப்பாவின் வாயில் சேர்கிற இடம், அதாவது மொத்த வேலையின் உயிர் இருக்கிற இடம். அங்கே ரப்பர் ஹோஸ் ஒழுங்காக உட்காரவில்லை. கிளாம்பை ஹோஸின் மேட்டு வரம்பில் வைத்து முறுக்கியிருக்கிறார்கள், அதனால் ஒரு பக்கம் இறுகி மறு பக்கம் வாய் திறந்து நிற்கிறது. ஐந்து ரூபாய் நாணயத்தை நிறுத்தி நுழைத்தேன், தாராளமாகப் போனது. சிலிகான் பூசிய அடையாளமே இல்லை, பிளாஸ்டிக் புதுசு போலப் பளபளப்பாக இருந்தது. டப்பாவின் அடியில் தண்ணீர் வடிய வைத்திருக்கிற ஓட்டையையும் அப்படியே திறந்து விட்டிருக்கிறீர்கள். டப்பா முங்கினால் அந்த ஓட்டை தண்ணீரை வெளியே விடாது, உள்ளேதான் இழுக்கும். மேலே நாலரை அடி உயரத்தில் காற்று எடுக்கிற மாதிரி ஒரு குழாய் நிற்கிறது, ஆனால் இன்ஜின் மூச்சு இழுப்பது கீழே பானெட்டுக்குள் இருக்கிற இடுக்கு வழியாக. வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் இது தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

ஸ்நார்க்கல் மாட்டியதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜினை ஓட விட்டு, ஸ்நார்க்கலின் தலையைக் கழற்றிக் குழாயின் வாயை உள்ளங்கையால் முழுதாக மூட வேண்டும். எல்லா இணைப்பும் காற்றுப் புகாமல் இருந்தால் சில நொடிகளில் இன்ஜின் திணறி நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் வேறு எங்கிருந்தோ காற்று வருகிறது, காற்று வருகிற வழியில் தண்ணீரும் வரும். என் மெக்கானிக் இன்னொருவர் ஜீப்பில் என் கண் முன்னால் செய்து காட்டினார். கை வைத்ததும் ஹோஸ் உள்வாங்கி, இன்ஜின் அடங்கி நின்றது. ஒரு நிமிஷ வேலை. உங்கள் சென்டரில் நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், யாரும் இதைச் செய்யவில்லை. செய்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வருஷமே இதே பட்டறையில் கிரவுனுக்கும் (அச்சில் சக்கரங்களைச் சுழற்றுகிற பல்சக்கரப் பெட்டி) கியர் பாக்ஸுக்கும் உள்காற்று போய் வருகிற ப்ரீதர் குழாயை நீட்டி பானெட்டுக்குள் உயரத்தில் கட்டி வைத்தோம். ஓடிச் சூடான கிரவுன் குளிர்ந்த ஆற்றில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கித் தண்ணீரை இழுக்கும், ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறிவிடும் என்பதால். அதற்கு ஆன செலவு மொத்தம் 400 ரூபாய். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு கிரவுன் ஆயிலை வடித்துப் பார்த்தோம், ஒரு துளி தண்ணீர் கலக்கவில்லை. அந்தப் பட்டறைப் பையன் ஒவ்வொரு முனையையும் இழுத்துப் பார்த்து, வாயால் ஊதிப் பார்த்துத்தான் வண்டியைக் கொடுத்தான். நான் உங்களிடம் எதிர்பார்த்தது அந்த அளவு அக்கறைதான்.

அடித்தகடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேறு இன்ஜின் பக்கம் தெறிக்காமல் தடுக்கும் என்றீர்கள். ஆனால் அதில் வடிகால் ஓட்டையே இல்லை. மழைக்காலத்தில் காட்டுப் பாதையில் நாலு தடவை போய் வந்ததும் ரேடியேட்டரின் கீழ்ப் பகுதி வரை சேறு அடைத்துக் காய்ந்து செங்கல் மாதிரி ஆகிவிட்டது. செப்டம்பரில் வண்டியின் சூட்டு முள் மேலே ஏற ஆரம்பித்தபோது காரணம் புரியவில்லை. தகட்டைக் கழற்றியபோது இரண்டு பாண்டு மண் விழுந்தது. நான் அதை அப்போதே கழற்றிப் போட்டுவிட்டேன். அதன் விலையையும் திருப்பிக் கேட்கிறேன்.

உங்கள் பதிலில் இருக்கிற மற்ற இரண்டு காரணங்களுக்கும் வருகிறேன். அளவுக்கு மீறிய ஆழத்தில் ஓட்டியதாகச் சொல்கிறீர்கள். பொதுவாக ஆழம் வண்டியின் அளவுக்குள்தான் இருந்தது, பள்ளத்தில் மூக்கு சாய்ந்தது ஒரு நொடி. உங்கள் விளம்பரப் பலகையில் பானெட் மேல் தண்ணீர் ஓட ஒரு ஜீப் போகிற படம் இருக்கிறது, அந்தப் படத்தைவிட நான் இறங்கிய ஆழம் குறைவு. அடுத்து, "வாடிக்கையாளர் பராமரிக்கவில்லை" என்கிறீர்கள். மாட்டி இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. கிளாம்பு இருக்கிற இடம் மட்கார்டு லைனிங்குக்குப் பின்னால், அதைக் கழற்றாமல் கண்ணால் பார்க்கவே முடியாது. கழற்றினால் உத்தரவாதம் போய்விடும் என்று நீங்கள் கொடுத்த அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது.

இன்ஷூரன்ஸில் கேட்டேன். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஆட்-ஆன் எடுத்திருந்தால் மட்டுமே இந்தச் சேதம் வரும் என்றார்கள். நான் எடுக்கவில்லை. ராடு, பிஸ்டன், பேரிங், கேஸ்கட், ஹெட் வேலை, ஆயில், கூலி எல்லாம் சேர்த்துப் பட்டறை பில் 1,38,600 ரூபாய். நகை வைத்துத்தான் கட்டினேன். ஐந்து வாரம் வண்டி இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். ஸ்நார்க்கலுக்கும் தகட்டுக்கும் கொடுத்த 21,800 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். இன்ஜின் வேலைக்கு ஆன 1,38,600 ரூபாயைத் தர வேண்டும். அப்புறம், எனக்குப் பணத்தைவிட இதுதான் முக்கியம்: ஆகஸ்ட் மாதம் அந்த சென்டரில் ஸ்நார்க்கல் மாட்டிய எல்லோரையும் போனில் கூப்பிட்டு, வண்டியைக் கொண்டு வரச் சொல்லி, கையால் மூடிப் பார்க்கிற அந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். நான் போன அன்று மட்டும் எனக்கு முன்னால் மூன்று ஜீப் நின்றிருந்தது. அதில் ஒருவர் வால்பாறையில் ஆள் ஏற்றுகிறவர் என்று பேசிக்கொண்டிருக்கும்போது சொன்னார். அவர் வண்டியிலும் அதே கை, அதே கிளாம்பு. அவரும் உங்களை நம்பித்தான் ஓடைக்குள் இறங்குவார், பின்னால் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்நார்க்கல் இல்லாத வண்டிக்காரர் பயந்து கரையிலேயே நின்றுவிடுவார். ஓட்டை ஸ்நார்க்கல் மாட்டியவர் பயமில்லாமல் இறங்குவார். அதனால்தான் இதை என் வண்டியோடு விட என்னால் முடியவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். நான் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

கழற்றிய ஹோஸ், கிளாம்பு, ஃபில்டர், வளைந்த ராடு எல்லாவற்றையும் பட்டறையில் ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம், எதையும் துடைக்கவில்லை. கிளாம்பு ஹோஸின் மேல் ஏறி நிற்பதைக் கழற்றுவதற்கு முன்பே எடுத்த போட்டோ ஆறும் இத்துடன் இருக்கிறது. ஞாயிறு தவிர எந்த நாளும் உங்கள் ஆள் வந்து பார்க்கலாம், வருவதற்கு முதல் நாள் ஒரு போன் செய்தால் நானும் பட்டறையில் இருப்பேன்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்,
சத்தியமங்கலம்.

இணைப்பு: பில் நகல், உத்தரவாத அட்டை நகல், பட்டறை பில், போட்டோக்கள் 6