செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, திரைப்படச் சங்க நண்பர்களே, வணக்கம்.

மாதாந்திரத் திரையிடல்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். டிசம்பர் திரையிடலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

கிறிஸ்துமஸை ஒட்டி 'வி ஆர் நோ ஏஞ்சல்ஸ்' (1955) திரையிட்டோம். மைக்கேல் கர்டிஸ் இயக்கியது. அல்பேர் உஸ்ஸோனின் பிரெஞ்சு நாடகத்திலிருந்து வந்த கதை. பெரும்பாலும் முரட்டு வேடங்களிலேயே பார்த்துப் பழகிய ஹம்ப்ரி போகார்ட், இதில் வாய்ச்சாலக மோசடிக்காரர் ஜோசப். கூட்டாளிகள் பீட்டர் உஸ்தினோவும் ஆல்டோ ரேயும்.

பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட பிரெஞ்சு ராணுவ அதிகாரி டிரைஃபஸை 1895இல் கொண்டுபோய் அடைத்தார்களே, அதே டெவில்ஸ் தீவுச் சிறையிலிருந்து தப்பிய மூவரும் பிரெஞ்சு கயானாவின் கயென் நகரில் ஒரு கடைக்குள் நுழைகிறார்கள். கூரையைச் சரிசெய்கிறோம் என்று மேலே ஏறிக்கொள்கிறார்கள். ராத்திரி கொள்ளையடித்துவிட்டுக் கம்பி நீட்டுவதுதான் திட்டம். ஆனால் கீழே நடக்கும் பேச்செல்லாம் காதில் விழுகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்துவிட்டு வசூலிக்கத் தெரியாத கடை நிர்வாகி ஃபெலிக்ஸ், கவலையில் மனைவி, காதலில் தவிக்கும் மகள். போதாக்குறைக்கு, கடைக்குச் சொந்தக்காரரான உறவினர் கணக்குப் பார்க்க வந்து இறங்குகிறார்.

இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, யாரும் திடீரென்று திருந்திவிடுவதில்லை என்பதுதான். கைவந்த கலையை வைத்தே உதவுகிறார்கள். கணக்குப் புத்தகத்தை ஜோசப் 'சரி' செய்கிறார். விருந்துக்கு வரும் வான்கோழியே திருட்டு வான்கோழி! அப்புறம் அடால்ஃப். சின்னக் கூண்டில் அவர்கள் கூடவே வைத்திருக்கும் விஷப்பாம்பு. உறவினர் அந்தக் கூண்டைப் பிடுங்கிக்கொண்டு போனபின், எச்சரிக்கப் போவது யார் என்று மூவரும் அவசரமே இல்லாமல் பேசிக்கொண்டிருக்கும் காட்சியில் அரங்கமே அதிர்ந்தது. கடிபடுவதைக் கர்டிஸ் காட்டவேயில்லை. அந்த அடக்கம்தான் இதைக் குடும்பத்தோடு பார்க்கும் படமாக்குகிறது.

கடைசியில் மூவரும் சிறைக்கே திரும்ப நடக்கும்போது தலைக்குமேல் ஒளிவட்டம் தோன்றுகிறது, அடால்ஃபின் கூண்டுக்கும் சேர்த்து. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

டிசம்பர் திரையிடலை இனி ஆண்டுதோறும் குடும்ப நிகழ்ச்சியாக நடத்தவும், அடுத்த ஆண்டு கர்டிஸ், போகார்ட் இணைந்த 'காசாபிளாங்கா'வை (1942) திரையிடவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்