ஆற்றோடு போன ஆட்டுக்கு எங்கே போய்ச் சான்று வாங்குவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையும், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீரும் சேர்ந்து தென்பெண்ணைக் கரையோர ஊர்களைப் புரட்டிப்போட்டபோது, நெல்லோடும் கரும்போடும் பட்டியில் அடைத்திருந்த ஆடுகளும் கொட்டகையில் கட்டியிருந்த மாடுகளும் போயின. இறந்த பசு, எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. பேரிடர் நிவாரண நிதிக்கான மத்திய அரசின் அப்போதைய விதிகளிலும் தொகை இதுதான். சந்தை விலையோடு ஒப்பிட்டால் இது போதாது என்று பலரும் எழுதிவிட்டார்கள். அந்தத் தொகையும் உரியவர் கைக்கு வராமல் போவதற்கான காரணத்தைப் பற்றியே நான் எழுதுகிறேன்.

இழப்பை உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும் என்பது விதி. வேண்டிய விதிதான்; இல்லாவிட்டால் இல்லாத மாட்டுக்கும் பணம் போகும். ஆனால் நடைமுறையில் சான்று என்றால் செத்த உடலைக் கால்நடை மருத்துவர் பார்த்தாக வேண்டும் என்றாகிவிடுகிறது. இரவோடு இரவாக ஆறு இழுத்துச் சென்ற ஆட்டின் உடலை எங்கே தேடுவது? அகப்பட்ட உடலும் மறுநாளே உப்பி நாற்றமெடுக்கும்; சாலை துண்டிக்கப்பட்ட ஊருக்கு அதிகாரி வந்து சேரும்வரை அதைக் கொட்டகையில் போட்டுவைக்க யாராலும் முடியாது, சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுவார்கள். கைப்பேசியில் படம் எடுத்திருக்கலாமே என்று பிறகு கேட்கிறார்கள். மின்சாரமே இல்லாத ஊரில் எந்தக் கைப்பேசியில் உயிர் இருந்தது?

உடல் இல்லாவிட்டாலும் சான்றுக்குப் பஞ்சமில்லை. கோமாரி நோய்த் தடுப்பூசி போடும்போது மாட்டின் காதில் மாட்டும் வில்லையின் 12 இலக்க எண், உரிமையாளர் பெயரோடு அரசின் கணினியிலேயே இருக்கிறது. பால் சொசைட்டியின் பதிவேட்டில் நாள்தோறும் ஊற்றிய பாலின் அளவு இருக்கிறது. காலையும் மாலையும் ஊற்றிவந்தவர் வெள்ளத்துக்குப் பின் ஒரு லிட்டரும் ஊற்றவில்லை என்றால், அதைவிடத் தெளிவாக எந்தப் பிணப் பரிசோதனை பேசும்? இவற்றையும் கிராம நிர்வாக அலுவலரின் நேரடி விசாரணையையும் சேர்த்துச் சான்றாக ஏற்க அரசு ஓர் ஆணை பிறப்பித்தால் போதும். காது வில்லை இல்லாத ஆடுகளுக்குத்தான் சிக்கல். அவற்றுக்குத் தடுப்பூசிப் பதிவேடும் அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலமும் துணையாகலாம்.

நிவாரணத்துக்கு அந்த மத்திய விதிகள் வைத்த உச்சவரம்பும் இடிக்கிறது. ஒரு குடும்பத்துக்குக் கறவை மாடு என்றால் மூன்று, ஆடு என்றால் முப்பது, கோழிக்கு மொத்தமே 10,000 ரூபாய். வீட்டுக் கோழிகளை நினைத்து வைத்த வரம்பு இது. 5,000 கோழிகள் மூழ்கிய பண்ணைக்குக் கோழிக்கு இரண்டு ரூபாய்தான் தேறும். இந்த விதிகள் 2022-23 முதல் 2025-26 வரைக்குமானவை. அடுத்த காலத்துக்கான விதிகளில் சிறு பண்ணைகளுக்கெனத் தனி வரம்பு வைக்கும்படி மாநில அரசு வற்புறுத்த வேண்டும்.

அதற்கெல்லாம் காத்திராமல் மாவட்ட நிர்வாகமே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கணக்கெடுப்பு முடிந்ததும் பயனாளிகள் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, விடுபட்டவர்கள் முறையிட 15 நாள் அவகாசம் தரலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவெண்ணெய்நல்லூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.