வானியல் ஆர்வலர் சங்கம், ஆடித் தேய்ப்புப் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பட்டறையில் தொலைநோக்கிகளுக்காகத் தேய்த்தவை எல்லாம் 6 அங்குல விட்டமுள்ள, எஃப் 8 (குவியத்தூரம் விட்டத்தைப் போல் 8 மடங்கு) குழி ஆடிகளே. முதல் முயற்சியிலேயே 8 அங்குலம், எஃப் 5 வேண்டும் என்று கேட்டவர்களுக்குச் செயற்குழு இசையவில்லை. 6 அங்குல எஃப் 8 ஆடியைக் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் பரவளைய வடிவுக்குக் கொண்டுபோகாமல் கோளக் குழிவோடு நிறுத்தினாலும், பிழை ஏறக்குறைய ஒளியின் கால் அலைநீளம்தான். வியாழனின் பட்டைகளை நன்றாகவே பார்க்கலாம். எஃப் 5-இல் இந்தச் சலுகை கிடையாது, பரவளையமாக்கியே தீர வேண்டும்.

விட்டம் 150 மி.மீ., குவியத்தூரம் 1200 மி.மீ. என்றால் நடுவில் 1.17 மி.மீ. ஆழம் வர வேண்டும். 80-ஆம் எண் கார்போரண்டத் தேய்ப்புப் பொடியில் இதை எட்டிவிட்டு 120, 220, 320, 600 என்று மேலும் மேலும் நுண்ணிய பொடிகளுக்கு இறங்குகிறோம். இடையில் பொடியிட்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்க்கும் இரு கண்ணாடிகளில் மேலே வைத்ததுதான் குழியும். மேசையைச் சுற்றி நடந்தபடி, கையிலுள்ள கண்ணாடியையும் திருப்பிக்கொண்டே தேய்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே தேய்த்தால் குழிவு ஒரு பக்கம் கோணிவிடும்.

கீறல் விழுந்த ஆடிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 320-இல் வேலை நடக்கையில் 80-ஆம் எண் துகள் ஒன்று உள்ளே புகுந்தால் போதும், பழைய எண்ணுக்குத் திரும்ப வேண்டியதுதான். வாளியைக் கழுவுகிறவர்கள் நகக்கண்ணையும் மேசையின் அடிவிளிம்பையும் மறந்துவிடுகிறார்கள். இனி ஒவ்வோர் எண்ணுக்கும் தனி வாளி, தனித் துணி, மேசைமேல் புதிய செய்தித்தாள். கண்ணாடியின் ஓரத்தைச் சாணைக்கல்லால் 2 மி.மீ. சாய்த்துக்கொள்வதும் கட்டாயம். சாய்க்காத ஓரம் பெயரும். பெயர்ந்த சில்லே அடுத்த கீறலைப் போடும்.

மெருகேற்றும் வேலையில் நமக்கு எதிரி கோடைதான். மெருகேற்றும் பலகையில் ஊற்றும் கீல் போன்ற பிட்ச் இளகி, ஆடியின் விளிம்பைச் சுற்றிப் பொங்கி, விளிம்பைச் சரித்துவிடுகிறது. குளிர்நாட்டுக் கையேடுகளில் உள்ள கலவை நம் ஊருக்கு ஒத்துவராது. பிட்ச்சைக் கடினமாக்கும் ரோசின் (மரப்பிசின்) கூடுதலாக வேண்டும். ஆறிய பிட்ச்சில் கட்டைவிரல் நகத்தை ஊன்றிப் பாருங்கள்: மெதுவாகத் தடம் விழுந்தால் சரி, தெறித்தால் கடினம் மிகுதி. இளக்க டர்பன்டைன் சேர்ப்பவர்கள் அடுப்பை அணைத்த பிறகே ஊற்ற வேண்டும். மெருகுப் பொடியான சீரியம் ஆக்சைடை நீர்க்கக் கரைப்பதே நல்லது. நடுப்பகுதி முதலில் பளபளக்கும். அதைக் கண்டு நிறுத்திவிடாமல், விளிம்பில் லேசர் ஒளியை அடித்துப் பாருங்கள். சாம்பல் புள்ளி தெரிந்தால் வேலை பாக்கி.

ஆடியில் பட்டுத் திரும்பும் விளக்கொளியைக் கத்திமுனையால் மறித்து, தெரியும் நிழலால் ஆடியின் வடிவத்தை அறியும் ஃபூக்கோ சோதனைக்குக் கத்திமுனையை ஆடியிலிருந்து 2400 மி.மீ. தூரத்தில் வைக்கிறோம். விளக்கும் கத்தியும் சேர்ந்து நகரும் நம் கருவியில், பரவளைய ஆடியின் நடுவுக்கும் விளிம்புக்கும் கத்தி நிற்கும் இடத்தில் வரவேண்டிய வேறுபாடு 1.17 மி.மீ. விளக்கு நகராத கருவியில் அது இருமடங்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல ஆடியை மறுபடி தேய்த்தவர்களும் உண்டு. கைச்சூடு ஆறுமுன் சோதிப்பதும் வீண். நாம் வாங்குவது சாதாரணத் தட்டைக் கண்ணாடி. சூட்டில் அது, குறைவாக விரியும் பைரெக்ஸ் கண்ணாடியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும்.

சோதனையில் தேறாத ஆடியை அலுமினியப் பூச்சுக்கு அனுப்புவதில்லை. பூச்சு எந்தக் குறையையும் மறைக்காது, காசுதான் நட்டம்.

வரும் ஆண்டில் சித்திரை முதல் ஆவணி வரை பொடித் தேய்ப்பு மட்டும், மெருகு வேலை கார்த்திகை முதல் மாசி வரை என்று செயற்குழு முன்மொழிகிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையை ஏற்றுத் தருமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்